டோப்பிவாலா முன்னால் நில்லு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கையெழுத்து வாங்கப் போய் வசமாக மாட்டிக்கொண்டேன்.

சயானிலிருந்து தாராவிக்குத் திரும்பும் சிக்னலில், கல்மேடை மேல் ஒரு வெள்ளைக்காரத் துரையின் சிலை. தலையில் பெரிய தொப்பி, அதன்மேல் காக்கா எச்சம். பெயர் யாருக்கும் தெரியாது — எல்லோருக்கும் அவர் 'டோப்பிவாலா'. 'இப்பகுதியைச் சுத்தம் செய்தவர்' என்று கல்வெட்டு புகழ்கிறது. என்ன சுத்தம் தெரியுமா? குடிசைகளைக் கொளுத்தி ஜனங்களை விரட்டியது!

சிலையை எடுக்கலாமா, கூடாதா? டீக்கடை, லோக்கல் ட்ரெயின், வாட்ஸ்அப்... எங்கும் இதே சண்டை. நான் எடுக்கச் சொல்லும் கட்சி. மனுவோடு படியேறி இறங்கினேன்.

தோல்பை தைக்கும் இசக்கியம்மாள் அக்கா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"துரை மேல அவ்வளவு பாசமா அக்கா?" என்று சீண்டினேன்.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எந்தம்பி பேச்சிமுத்து கோவிச்சிட்டுப் போயி பதினோரு வருசம் ஆச்சு. நாந்தான் கை நீட்டிட்டேன். அப்பம் இருந்த வீட்ட இடிச்சாச்சு, போன் நம்பரும் மாறிட்டு. ஊர்லேருந்து வந்தப்ப டோப்பிவாலாகிட்டதான் நின்னான். திரும்பி வந்தாம்னா வேற எங்கன போயி நிப்பான்?"

திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு அட்ரஸெல்லாம் எழுதித் தரமாட்டார்கள். 'டோப்பிவாலா முன்னால நில்லு, ஆள் வரும்' — அவ்வளவுதான். என் அப்பாவும் தகரப்பெட்டியோடு அங்கேதான் நின்றாராம். விரட்டியவன் காலடியில் வந்துதான் நாங்கள் இந்த ஊருக்குள்ளேயே நுழைந்திருக்கிறோம்!

ஞாயிறுதோறும் சாயங்காலம் அக்கா அங்கே போய் அரைமணி நேரம் நிற்பாராம். அன்று நானும் கூடப் போனேன். பையோடு பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்க்கிறார். பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்புகிறார். எனக்கு இறந்துபோன அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தோடு அவரும் ஒருமுறை இறங்கி வரமாட்டாரா என்று ஏக்கமாக இருந்தது.

திரும்பும்போது துரை செய்ததைச் சொன்னேன். அக்காவே மனுவைக் கேட்டு வாங்கினார்.

"குடிசைய எரிச்சவன்னா எடுக்கத்தான் வேணும். ஆனா அந்தக் கல்லு மேடைய மட்டும் விட்டுரச் சொல்லி எழுதுங்க அண்ணாச்சி. வாறவன் உக்கார ஒரு எடம் வேணும்லா?"

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

பேச்சிமுத்து... இதை நீ படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. தொப்பி இல்லாவிட்டாலும் அக்கா இருப்பாள்.