முதலாளி வந்தால் நெட் போய்விடும்

"இன்னாம்மா, நெட்டு திரும்பவும் பூட்ச்சி. இன்னிக்கி நீ வந்து யாரு இந்த வேலைய பண்றதுன்னு கண்டுபுடிச்சி சொல்லு. இல்லன்னா அந்தப் பொண்ண நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடப் போறேன்."

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் போனில் சொன்னது இது. நெட் போனால் மற்றவர்கள் என்ன கோளாறு என்று கேட்பார்கள். இவருக்குக் கோளாறு வேண்டாம், குற்றவாளி வேண்டும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற என்னைப் போலீஸ் வேலைக்குக் கூப்பிட்டார்.

'அந்தப் பொண்ணு' என்றது கவிதாவை. கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். பில் போடுவது, வெளியூர் சரக்குக்கு ஈ-வே பில் எடுப்பது, சிங்கப்பூர் கல்யாண வீட்டாருக்கு வீடியோவில் முந்தியை விரித்துக் காட்டுவது எல்லாம் அவள்தான். கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பியை வேலூரில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேல் விழுந்த பழி எளிமையானது. முதலாளி வெளியே போயிருந்தால் நெட் ஜோராக ஓடும். அவர் வந்து உட்கார்ந்ததும் போய்விடும். ஆகவே அவர் இல்லாதபோது அவள் படம் பார்க்கிறாள், அவர் வந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட்டு நெட் இல்லை என்று நடிக்கிறாள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. விசாரணைக்குத்தான் நான்.

இதற்கு முன்பும் இரண்டு தடவை போயிருந்தேன். இரண்டு தடவையும் முதலாளி எனக்குப் போன் செய்துவிட்டு, தறிக்காரர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். நெட் நன்றாக வேலை செய்தது. "நல்லாத்தாங்க இருக்கு" என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். சாட்சி கிடைத்துவிட்டது அவருக்கு. ஆரணிக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் இன்னொருவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அடுத்த கடையில் வாசற்படி ஏறக்கூட இடமில்லை.

கன்னி மூலை

பட்டுக்கடைகளில் நாற்காலி கிடையாது. சுவரோரம் மெத்தைகள், அதன் மேல் வெள்ளைத் துணி. வாங்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். முதலாளிக்குத் தனி மெத்தை, சாய்ந்துகொள்ள ஒரு திண்டு. அவர் கடைக்குள் கால் வைத்ததும் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். பாதி பில்லில் இருந்தாலும் கவிதா எழுந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் அவர் வாசலோரம்தான் உட்கார்ந்திருந்தார். வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்து, தென்மேற்கில் இருக்கிற கன்னி மூலையில் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் வியாபாரம் கொட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மெத்தையும் திண்டும் கன்னி மூலைக்கு நகர்ந்தன. அங்கிருந்து பார்த்தால் கவிதா கண்ணில் படவில்லை என்று அவளுடைய மேசையையும் எதிரே நகர்த்தினார்கள்.

ரவுட்டர் மட்டும் வாசல் பக்கமே இருந்தது. அதற்கு ஆயுத பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காயாமல் வாரம் தவறாமல் புதுப்பிப்பார்கள். மேலே ஒரு எலுமிச்சம்பழம். ஒவ்வொரு தடவையும் போர்ட்டிலிருந்து குங்குமத்தை ஊதி எடுப்பதுதான் அங்கே என் முதல் வேலை.

வைஃபை வைத்துக்கொண்டால் ஒயர் தொல்லையே இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பக்கத்து கடைக்காரன் ஓசில இழுத்துக்குவாம்மா" என்றார்.

"அப்ப சுவத்துல அடிச்சி மேலயே கேபிள் போட்டுடலாங்க."

"சுவத்துல ஓட்டை போட்டா வாஸ்து கெட்டுப்பூடும்."

அதனால் ரவுட்டரிலிருந்து கவிதாவின் மேசைக்குப் போகிற லேன் கேபிள் தரையோடு, மெத்தைகளுக்கு அடியிலேயே கிடந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கு ஓசி நெட் கிடைக்கவில்லை. இவருக்குக் காசு கொடுத்த நெட்டும் கிடைக்கவில்லை.

பிங்

அன்றைக்கு நான் போனபோது முதலாளி கன்னி மூலையில் இருந்தார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. கவிதா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "ஒயர நான் தொட்டதே இல்லீங்க மேடம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக வரிசையைச் சொல்கிறேன். முதலில் கேபிளின் இரண்டு முனையும் இறுக்கமாக இருக்கிறதா, போர்ட்டில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு அதே ரவுட்டரில் வேறொரு கம்ப்யூட்டரை நேராகப் போட்டுப் பாருங்கள். என் லேப்டாப்பை ரவுட்டரில் போட்டேன், நெட் வந்தது. அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிற லைன் நல்ல லைன். கோளாறு ரவுட்டருக்கும் கவிதாவின் மேசைக்கும் நடுவில்.

அடுத்தது பிங். நம் கம்ப்யூட்டர் ரவுட்டரைப் பார்த்து 'இருக்கியா?' என்று கேட்கும், ரவுட்டர் 'இருக்கேன்' என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் 'ரிக்வஸ்ட் டைம்டு அவுட்' என்று திரையில் வரும். கவிதாவின் கம்ப்யூட்டரில், நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்படி பிங்கை ஓடவிட்டுவிட்டு, நானும் கவிதாவும் திரையைப் பார்த்தோம். டைம்டு அவுட். டைம்டு அவுட். திரை முழுக்க அதுவே.

அப்போது தெள்ளாரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். "வாங்க வாங்க" என்று முதலாளி எழுந்து வாசலுக்குப் போனார். திரையில் பதில் வரத் தொடங்கியது. வரிசையாக, அழகாக.

அவர்களை உட்கார வைத்துவிட்டு முதலாளி திரும்பி வந்து திண்டில் சாய்ந்தார். டைம்டு அவுட்.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கை இரண்டும் மேசை மேல்தான் இருந்தன.

"முதலாளி, கொஞ்சம் எழுந்திருங்க" என்றேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. அந்தக் கடையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை, அதுவும் ஒரு பொம்பளை.

"இன்னாத்துக்கு?"

"ஒரு டெஸ்டுங்க."

எழுந்தார். பதில் வந்தது. "குந்துங்க" என்றேன். உட்கார்ந்தார். போயிற்று. "எழுந்திருங்க." வந்தது. "குந்துங்க." போயிற்று.

"இன்னாங்க, முதலாளிக்குத் தோப்புக்கரணமா?" என்று கேட்டுவிட்டார் கல்யாணப் பெண்ணின் அம்மா. விற்பனைக்கு நின்ற ஆட்கள் சிரிப்பை அடக்க, மடித்த புடவைகளையே மறுபடி மடித்தார்கள்.

எட்டு இழை

முதலாளியின் மெத்தையைத் தூக்கினேன். அடியில் கேபிள். அதன் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. மேசையை நகர்த்தியபோது கேபிள் எட்டவில்லை, வெட்டி ஒரு துண்டைச் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள்.

டேப்பைப் பிரித்ததும் அசந்துவிட்டேன். எட்டு ஒயர்கள். நிறத்துக்கு நிறம் பிசகவில்லை. ஒவ்வொன்றும் ஒரே நீளத்தில், ஒரே முறுக்கில். எலக்ட்ரீஷியன் யாரும் இவ்வளவு அழகாகச் செய்ய மாட்டார். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்ததும் பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையை வைத்து விரலால் முறுக்கிப் பிணைப்பார்களே, அந்த முறுக்கு. பட்டு அந்த முறுக்கில் நிற்கும். செம்புக் கம்பி நிற்காது. மேலே பாரம் ஏறினால் விலகும், இறங்கினால் ஒட்டும்.

"இது ஒயர்மேன் வேலை இல்லீங்க. பாவு பிணைச்ச கை. யாருங்க பண்ணது?" என்று கேட்டேன்.

 எல்லாக் கண்களும் ஒரே பக்கம் போயின.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சின்ன வயசுல நாலாயிரம் இழை பிணைச்ச கைம்மா இது. எட்டு இழைக்குப் போயி ஆளக் கூப்புடுவாங்களா?"

"பிணைப்பு ரொம்ப நல்லா இருக்குதுங்க. மேல நீங்க குந்தாத வரைக்கும்."

வெட்டியது அவர், பிணைத்தது அவர், அதன் மேல் உட்கார்ந்தது அவர். ஒயரைப் பிடுங்குகிறவள் என்று பெயர் வாங்கியது கவிதா.  அவளிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னார், ஒயரைப் பற்றி. "இப்பல்லாம் ஒயரே மட்டமா வருதும்மா. பேஜாரு."

அப்போது கவிதா எழுந்தாள். கல்யாண வீட்டார் எதிரிலேயே கேட்டாள்.

"முதலாளி, நாளைக்கி நான் வரணுங்களா, வேணாங்களா?"

அவருடைய முகத்தில் இருந்த சந்தனப் பொட்டைத் தவிர மீதியெல்லாம் கறுத்துவிட்டது.

"இன்னா கேள்வி இது? ஜல்தியா அவங்களுக்குப் பில்லப் போடு."

அவ்வளவுதான் அவரால் முடிந்த மன்னிப்பு. வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு, சுவரில் ஓட்டை போட அனுமதியும் வாங்கினார். நடுவில் வெட்டில்லாத புதுக் கேபிளைச் சுவரில் உயரமாக அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து பிரிண்டர் வேலைக்காக அங்கே போயிருந்தேன். வேலை நடக்கும்போதே நெட் போனது. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் லைனை அறுத்துவிட்டார்கள், கடைத்தெரு முழுக்கவே இல்லை. முதலாளி கன்னி மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கவிதா திரையிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "முதலாளி, கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். விற்பனை ஆட்கள் புடவை மடிக்க ஆரம்பித்தார்கள்.

கேபிள் இப்போது அவருடைய தலைக்கு மேலே போகிறது என்பது எனக்குத் தெரியும். கவிதாவுக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஓட்டை போட்ட சுவர் அவருடையது. ஆனாலும் நின்றார்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் கேபிளைப் பாருங்கள். அடுத்து, யார் மேலோ பழி போடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள், எழுப்பியும் பாருங்கள். கோளாறு சரியான பிறகு அவரை எப்போது உட்காரச் சொல்வது என்பது மட்டும் நம் வேலை இல்லை. அதைக் கவிதா முடிவு செய்வாள்.