மை டப்பாவில் பத்துமணிப் பூ

விருதுநகரில் என் மகள் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டுப் பால்கனியில், கம்பிக்கு உள்பக்கம், செங்கல் மேல் வரிசையாக வைத்த டப்பாக்களில் ஒரு மை டப்பா இருக்கிறது. அச்சாபீஸுக்கு மெஜந்தா மை வரும் தகர டப்பா. விளிம்பிலிருந்து ஒரு சொட்டு மை வழிந்து பாதி வழியில் காய்ந்து நின்றிருக்கிறது. அந்தச் சொட்டை வைத்துத்தான் அது எந்த டப்பா என்று கண்டுகொண்டேன். சிவகாசியில் நான் பைண்டிங் வேலை பார்த்த அச்சாபீஸில், மேனேஜரிடம் கேட்டு நானே சுமந்துகொண்டு வந்தது. அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டதும் நான்தான். என் கையில் இருந்தவரை அதில் ஒரு செடி உருப்படியாக நின்றதில்லை. இந்தச் சித்திரையில் மகள் வீட்டுக்குப் போனால், அதே டப்பாவில் பத்துமணிச் செடி நான்கு பக்கமும் வழிந்து, விளிம்பே தெரியாமல் மொட்டு விட்டிருக்கிறது. இது எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டேன். சாத்தூரிலிருந்து சித்தி கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். வந்த களைப்புக்கு அவள் கொடுத்த மோரைக் குடித்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

சித்தி என்று அவள் சொன்னது என் ஓரகத்தியை, அதாவது என் கொழுந்தன் மனைவியை. கல்யாணமாகி வந்த புதிதில் இருந்தே அண்ணன் தம்பி இருவரும் சிவகாசியில் ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சமையலும் உலையும் வேறு வேறு. பால்கனி மட்டும் நீளமாக ஒன்றே. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச் சுவர். வலப்பக்கம் என் செடிகள், இடப்பக்கம் அவள் செடிகள். இரண்டு பக்கமும் ஒரே வெயில்தான். இருவரும் ஒரே வண்டியில் வந்த செம்மண்ணைத்தான் பங்கு போட்டோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குழாய்த் தண்ணீரை ஒரே தொட்டியிலிருந்துதான் மொண்டோம். டப்பாக்கள் எல்லாமே என் ஆபீஸ் டப்பாக்கள், அவளுக்கும் நான் கொண்டுவந்து கொடுத்தவை. இதையெல்லாம் ஏன் வரிசையாகச் சொல்கிறேன் என்றால், அவள் பக்கம் பூத்துக் குலுங்கியதற்கும் என் பக்கம் காய்ந்து சுருண்டதற்கும் ஒரு காரணமும் இல்லை என்று காட்டத்தான். அவளுக்கு வசதியான இடம், எனக்கு மோசமான இடம் என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளவும் வழியில்லை.

பத்துமணிப் பூவைப் பார்க்காதவர்கள் நம் பக்கம் இருக்க முடியாது. ஒரு கிளையைக் கிள்ளி ஈர மண்ணில் செருகினால் பிடித்துக்கொள்ளும். மற்ற செடியெல்லாம் துவண்டு கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் இதற்குக் கொண்டாட்டம். வெயில் ஏறி பத்து மணி ஆனால் விரியும், சாய்ந்தால் மூடிக்கொள்ளும். நான் எட்டரை மணிக்கே தூக்குவாளியுடன் கிளம்பிவிடுவேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் நோட்டு ஆர்டர் முடிக்க வேண்டும் என்பதால் கோடையில்தான் எங்களுக்கு நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமைகூட வேலை இருக்கும். திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். நான் வளர்த்த பூ விரிந்து நிற்பதை நானே பார்த்தது குறைவு. காலையில் மொட்டு, மாலையில் சுருங்கிய துணிபோல ஒன்று. அவளோ வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஒட்டும் வேலை பார்த்தவள். பூ விரிவதையும் பார்த்தாள், என் மகள் பள்ளி லீவில் விளையாடுவதையும் பார்த்தாள். இரண்டில் எதற்காக எனக்கு அதிகம் எரிந்தது என்று அப்போது கேட்டிருந்தால் பூவுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். முட்டை ஓட்டை இடித்துப் போட்டேன். அரிசி கழுவிய தண்ணீரை அவள் பார்க்காத நேரத்தில் ஊற்றினேன், அவள் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதே என்று. வெயில் பூவுக்கு வெயில்தான் சோறு என்று, ஒரு துணி நிழல்கூட என் டப்பாக்கள் மேல் விழாமல் பார்த்துக்கொண்டேன். அத்தனையும் செய்தும், வேலை முடிந்து விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து தொட்டாலும் டப்பா கதகதவென்று சுடும். செடி அடியோடு வெந்து, கிள்ளினால் தண்ணீராக நசுங்கும். பால் கொண்டு வரும் அம்மாள் என் பக்கத்தைத் தாண்டிப்போய் அவள் பக்கம் நின்று, "எம்புட்டு மொட்டு விட்டிருக்கு பாருங்க" என்று என்னிடமே காட்டுவாள். ஆமாம் என்று நானும் தலையாட்டுவேன். வேறு என்ன செய்வது?

கொழுந்தனுக்கு அப்போது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் வேலை. வெடியுப்பை வயலுக்கும் உரமாகப் போடுவார்கள் என்று அச்சாபீஸில் யாரோ சொன்னார்கள். அது போதாதா எனக்கு? அன்றைக்கே போய் அவளிடம் நேராகக் கேட்டுவிட்டேன், கம்பெனி உப்பைக் கரைத்து ஊற்றுகிறாயா என்று. அவள் கோபப்பட்டிருந்தால் சந்தேகம் உறுதியாகியிருக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்த உப்பு சட்டையில ஒட்டி வந்தாலே அவுகளுக்கு வேல போயிரும்க்கா. நா போயி செடிக்கு ஊத்துவேனா?" என்றாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கும் சிரிக்கக்கூடிய முகம் அது. நான் எது சொன்னாலும், சரிக்கா என்று போய்விடுவாள், பிறகு அவள் நினைத்தபடிதான் நடக்கும்.

துணி காயப்போடும் கொடி பால்கனியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நீளமாகக் கட்டியிருந்தது. முந்தின நாள் வேலைக்குக் கட்டிய சேலையைக் காலையில் அலசி, கிளம்பும் முன் கொடியில் போடுவேன். பசையும் காகிதத்தூளும் ஒட்டும் வேலைக்கு நான் கனத்த பருத்திச் சுங்கடிச் சேலைதான் கட்டுவேன். என் பக்கம் போட்டால் என் செடிக்கு வெயில் மறையும். அதனால் அவள் பக்கம் போட்டேன். மூத்தவள் போடுகிறேன், இளையவள் பேசாமல் இருக்கட்டும். அவளும் பேசவில்லை. ஆனால் மாலையில் எடுக்கும்போது சேலையின் ஒரு தலைப்பு நெடுகச் செம்மண் கறை படிந்திருக்கும். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, கோடை முழுவதும். வெள்ளைக் கரையெல்லாம் பழுப்பேறிப்போனது. கேட்டால், "காத்துல அவுந்து விழுந்திருக்கும்க்கா" என்பாள். காற்றே இல்லாத சித்திரையில் எந்தக் காற்று? என் மகளும் அவளும் சேர்ந்து என் சேலையை இழுத்துப்போட்டு வீடு கட்டி விளையாடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். என் சேலை என்றால் அவ்வளவு இளக்காரம்.

மகளைச் சொல்ல வேண்டும். லீவு விட்டால் அவள் கட்டைச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம்தான். சோறுகூட அங்கேதான். நான் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு என்னென்ன நிறம் பூத்தது என்று ஒப்பிப்பாள், எல்லாம் சித்தி டப்பாவில் பூத்தவை. மஞ்சள் ஒன்று இரட்டை அடுக்காக வந்ததாம், சித்தி அதற்குப் பாவாடை என்று பெயர் வைத்தார்களாம். என்னை நீ என்பாள், சித்தியை அவுக, இவுக என்பாள். நீ என்பது உரிமை என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். எனக்கென்னவோ மரியாதையும் உரிமையும் இரண்டுமே சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாகத்தான் பட்டது. அந்த மெஜந்தா டப்பாவில் செடி அழுகியதும் ஆத்திரத்தில் மாடிப்படி மூலையில் எறிந்திருந்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் அது அவள் வரிசையில், முதல் ஆளாக, பூத்து நிற்கிறது. மகள்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் இல்லாமல் ஆபீஸுக்கு விடுமுறை விட்டார்கள். அன்றைக்கு மகளோடு உட்கார்ந்து என் பூ விரிவதைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். துணி துவைப்பதைக்கூடச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன். அவளை மடியில் இருத்திக்கொண்டு காத்திருந்தேன். என் பக்கம் அரைகுறையாக நான்கைந்து விரிந்தன. அந்தப் பக்கம் பாய் விரித்தாற்போல மொத்தமும் விரிந்தது. பிள்ளை என் மடியிலிருந்து நழுவி, "சித்தி, பூத்துருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஓரகத்தி வெளியே வந்தாள், பூவைப் பார்க்கவில்லை. வெறும் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னைக்குத் தொவைக்கலையாக்கா?" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கிடைத்த ஒரு நாளும் நான் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நீ என் பிள்ளையோடு பூப்பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகள் அழும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ சொல்லித் தேற்றும் சத்தமும் கேட்டது. நான் போய்த் தூக்கியிருக்கலாம். வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கொழுந்தனுக்கு அச்சங்குளம் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து அவர்கள் சாத்தூருக்குக் குடிபோனார்கள். லோடு ஆட்டோவில் கட்டில் பீரோவுக்கு முன்னால் டப்பாக்கள் ஏறின. பால்கனி முழுவதும் எனக்கே எனக்கு என்று ஆனது. என் செடிகளை அந்தப் பக்கத்துக்கும் பரப்பினேன், அந்த இடத்தில்தான் விசேஷம் என்ற நினைப்பு. அங்கேயும் வெந்தது. இரண்டு கோடை பார்த்துவிட்டு ஒரு கற்றாழையை வைத்துவிட்டேன். அதற்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள், பொறாமையும் பட மாட்டார்கள்.

இப்போது விருதுநகர். வந்த மறுநாள் காலையில் குளித்து, சேலையை அலசிப் பிழிந்து, மொட்டைமாடிக் கொடிக்குக் கொண்டுபோகக் கிளம்பினேன். மகள் வழிமறித்தாள். "மாடிக்கு எதுக்கு? இங்கன குடும்மா" என்று வாங்கினாள். ஒரு தலைப்பைப் பால்கனிக் கொடியில் முடிந்தாள். மறு தலைப்பைக் கீழே இழுத்து, டப்பாக்களை வரிசையாகச் சுற்றி, கடைசி டப்பாவுக்கும் சுவருக்கும் இடையில் செருகினாள். பூ எல்லாம் வெயிலில் நின்றது. தகரம் எல்லாம் ஈரத் துணிக்குள் போய்விட்டது. பிறகு ஒரு செம்புத் தண்ணீரைத் துணி மேல் தெளித்தாள். மண் கரைந்து வெள்ளைக் கரையில் நீளமாகச் செந்நிறம் ஏறியது. நான் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் அடித்துத் துவைத்த கறை, எனக்குத் தெரியாதா?

"இதுக்குத்தானா?" என்றேன்.

"தகரம் சுட்டா வேர் வெந்துரும்லம்மா. சித்தி சேலையெல்லாம் வழவழன்னு இருக்கும், ஈரம் நிக்காது. ஒன் சேலதான் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அதுவும் அந்தச் சிரிப்புத்தான். "சொல்லக்கூடாதுன்னாக. தெரிஞ்சா நீ அந்தப் பக்கம் சேல போட மாட்டியாம்."

உண்மை. போட்டிருக்க மாட்டேன். என்னை ஓரகத்தி அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளே என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது. மகள் சேலையின் சரிவுக்குக் கீழே, கொடிக்கும் டப்பாக்களுக்கும் நடுவில் விழுந்த சின்ன நிழலைக் காட்டினாள். "லீவு பூரா இதுக்குள்ளதாம்மா உக்காந்திருப்பேன். குளுகுளுன்னு இருக்கும். எம்புட்டு அலசினாலும் ஒன் சேலையில பசை வாசம் போகாது. நீ ஆபீஸ் போயிட்டேன்னே எனக்குத் தோணாது. அந்த ஞாயித்துக்கிழம சேல இல்லைன்னுதான் அழுதேன்" என்றாள்.

மணி பத்தாகிவிட்டது போல. மொட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன, என் கண் முன்னாலேயே. வயதாகி முழங்கால் மடங்காவிட்டாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த நிழலுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். என் மூக்குக்குப் பசை வாசம் ஒன்றும் தெரியவில்லை, சோப்பு வாசம்தான் அடித்தது. சாத்தூரில் இப்போது உன் சித்தி யார் சேலையைச் சுற்றுகிறாள் என்று கேட்டேன். யார் சேலையும் கிடைக்கவில்லை, அங்கே முன்னைப்போல் பூக்கவில்லை என்று சித்தி புலம்புவதாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் மனம் குளிர்ந்தது. பொய் சொல்வானேன்?

கிளம்பும்போது சேலையை அவிழ்க்க வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். போகும் முன் துணிக்குள் கை விட்டு அந்த மெஜந்தா டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். உச்சி வெயிலிலும் மண்பானை போலச் சில்லென்று இருந்தது. பஸ் ஆமத்தூர் தாண்டும்வரை அந்தக் குளிர்ச்சி விரலிலேயே இருந்தது. வீட்டு பீரோவில் இன்னும் நான்கைந்து சுங்கடிச் சேலைகள் கட்டாமல் கிடக்கின்றன. சாத்தூருக்கும் ஒன்று கொடுத்துவிடலாம்தான். அடுத்த கோடைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.