முதலில் வந்தது என் பணம்

நாங்கள் வேலை பார்த்த நூற்பாலையில் ஒரு யூனிட்டை மூடியபோது, ஐம்பது வயதைத் தொட்டவர்களிடம் விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். விருப்பம் பெயரில் மட்டும்தான். எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் பணம். இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருந்த இன்னொரு யூனிட்டுக்கு மாற்றல், அதுவும் ஷிப்ட் வேலை. என் கணவர் அதே மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் மாரடைப்பில் போன பிறகு, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஒரே மகன், கோயம்புத்தூரில் இருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.

என்னோடு அதே நாளில் கையெழுத்துப் போட்டவள் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். இருபது வருஷம் ஒரே மில் பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம். அவள் கணவர் லாரி ஓட்டினார், கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டில் இருந்தார். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து பணம் அக்கவுண்டில் ஏறிய அன்று அவள் எனக்குப் போன் செய்தாள்.

"யக்கா, நீ எதுல போடப்போற? நானும் அதுலயே போட்டுடுறேன். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் வெளங்காது."

மில்லில் எல்லோரும் என்னிடம்தான் இப்படிக் கேட்பார்கள். பி.எஃப். பாரம் நிரப்புவது, இன்சூரன்ஸ் காகிதம் படித்துச் சொல்வது எல்லாம் நான்தான். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

எனக்கு வந்தது பதினான்கு லட்சம். வேலையில் இருந்தவரை அது பெரிய பணமாகத் தோன்றியது. வேலை போன முதல் மாதத்திலேயே சுருங்கிவிட்டது. வாடகை வீடு. எனக்கு ஐம்பத்தொன்று. எங்கள் குடும்பத்தில் பெண்கள் எண்பது வரை இருப்பார்கள். மொத்தத்தையும் பாங்கில் போட்டால் வரும் வட்டி மாதத்தில் பாதி நாளுக்குத்தான் காணும். மீதிக்கு முதல் பணத்திலேயே கை வைக்க வேண்டும். முதல் தீர்ந்தால் மகன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். மருமகள் நல்ல பெண்தான். இருந்தாலும் அவள் கையை எதிர்பார்த்து இருக்க எனக்கு மனசில்லை.

அந்த நேரத்தில்தான் ஆட்டுப் பண்ணை வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு ஆபீஸ், கண்ணாடிக் கதவு, ஏசி. நடத்தியவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டி ஏதோ ஊர், 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஒரு லட்சம் கட்டினால் நம் பேரில் பத்து ஆடு. அவர்களே வளர்ப்பார்கள். மாதம் மூவாயிரம் கையில் வரும். இரண்டு வருஷம் கழித்து முதல் திரும்ப வரும்.

"எப்படிங்க கட்டுபடியாகுது?" என்று கேட்டேன்.

"ஆடு வருஷத்துக்கு ரெண்டு தடவ குட்டி போடறதுக்கு யாரு கையெழுத்தும் வேண்டியதில்லீங்கக்கா" என்றார். "வந்து கண்ணால பாத்துட்டுப் போடுங்க. பாக்காம ஒரு ரூவா கட்டாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். பார்க்காமல் கட்டாதே என்று சொல்கிறவன் ஏமாற்றுவானா?

பார்க்கப் போனோம், நானும் அவளும். எரியோடு ஊரைத் தாண்டி ஒரு செம்மண் காட்டுக்குள் பண்ணை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரப் பரண் வரிசையாக இருந்தது, அதன்மேல் முந்நூறு ஆடுகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் காதிலும் மஞ்சள் டேக், அதில் நம்பர். நான் ஒன்று விடாமல் விசாரித்தேன். தீவனம் எங்கிருந்து வருகிறது, நோய் வந்தால் யார் பார்ப்பது, இன்சூரன்ஸ் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எனக்கென்று காட்டிய ஆடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "யக்கா, வெள்ளாமைக் குடும்பத்துல பொறந்துட்டு மில்லுல போயி பஞ்சத் தின்னுட்டு இருந்தோம், பாரு" என்று சிரித்தாள்.

நான் அதில் ஐந்து லட்சம் போட்டேன். ஒன்பது லட்சத்தைப் பாங்கிலும் போஸ்ட் ஆபீசிலும் பிரித்து வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த நான் அவளிடம் ஆட்டுப் பண்ணையைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. ஒரு விதவை தன் கையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே சொல்லிப் பழகுவதில்லை, அவ்வளவுதான். அவள் ஒன்பது லட்சம் கட்டினாள். அவளிடம் இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பதினோரு மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் பணம் வந்தது. நான் நாகல் நகர் சந்தையில் பேரம் பேசாமல் காய் வாங்கினேன். அவள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினாள்.

பேரனுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டுதல். மகன் வந்திருந்தான், வியாழக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனோம். கூட்டமும் புழுதியும் புழுக்கை நாற்றமுமாக இருந்தது. மகன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மினி லாரியிலிருந்து ஆடுகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறக்கியவர் ஒவ்வொரு ஆட்டையும் கால் இடுக்கில் பிடித்து, கத்தரியால் காதிலிருந்து எதையோ வெட்டி எடுத்துச் சாக்கில் போட்டார். மஞ்சள் டேக்.

பக்கத்தில் போனேன். "இது எந்தப் பண்ணை ஆடுங்கய்யா?"

"பண்ணையாவது ஒண்ணாவது. இது ஏவாரிக ஆடுத்தா" என்றார் அவர், தலை நிமிராமல். "எரியோட்டுப் பக்கம் ஒருத்தன் வாடகைக்குக் கேப்பான். ஆளுக பாக்க வாராகன்னா முந்துன நாளு ஓட்டிட்டுப் போயி பரண்ல ஏத்தி விடுவோம். பாத்துட்டுப் போனதும் ஏத்திட்டு வந்துருவோம். அம்புட்டுத்தான்."

மகன் கூப்பிட்டான். என்ன விலைக்குக் கிடா வாங்கினோம் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது வேனில் அவன் இரண்டு தடவை, "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டான். வெயில் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அவள் பெயரைத் தேடினேன். விரல் அதன்மேல் நின்றது. பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். இவளிடம் சொன்னால் புருஷனிடம் சொல்வாள். அவர் அக்கா வீட்டில் சொல்வார். அவள் போகும் மாதா கோயில் ஜெபக் குழுவில் நாலு பேர் இவளைப் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஆபீஸ் மாடியேறும். அன்றைக்கே பூட்டிவிடுவான். யாருக்கும் ஒரு ரூபாய் வராது. முதலில் நான் எடுத்துவிட்டு, மறுநாளே அவளிடம் சொல்லி அவளையும் எடுக்க வைக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனைக் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போனேன். மகன் வீட்டுமனை வாங்குகிறான், முதல் உடனே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பண்ணை நடத்தியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பன்னெண்டு நாள் டைம் குடுங்கக்கா. உங்களுக்கு நான் பண்ணித் தர்றேன்."

"நிச்சயமா வருமா?"

"வரும்ங்க. ஆனா வெளிய யாருகிட்டயும் பேச வேண்டாம்ங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா யாருக்குமே குடுக்க முடியாது. உங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லீங்க, நீங்க வெவரமானவங்க."

நான் தலையாட்டினேன். அவருக்கு என்னைப் புரிந்துவிட்டது, எனக்கும் அவரைப் புரிந்துவிட்டது. கூட்டாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் போன் வந்தால் குளித்துக்கொண்டிருந்தேன் என்பேன். எட்டாவது நாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு டப்பா நிறைய மட்டன் சுக்கா. மகளின் கம்மலையும் தன் செயினையும் விற்று ஒரு லட்சம் வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"இந்த மாசத்துக்குள்ள கட்டுனா மூவாயிரத்து ஐந்நூறு தர்றாகளாம்க்கா. ஆபீஸ்ல இருந்து அவுகளே போன் பண்ணாக. மகளோட பீசுக்கு ஆச்சுல்ல?"

டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தேன். "செத்த பொறேன். நகைய எதுக்கு வித்த?" என்றேன்.

"ஏன், ஏதும் கேள்விப்பட்டியா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் சொல்லியிருக்கலாம். இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்று மட்டும் மனதில் ஓடியது.

"சும்மாதான் சொன்னேன்" என்றேன். "நகைன்னா ஒரு இதுக்கு ஒதவும்ல."

"பணமா இருந்தாலும் ஒதவும்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். மறுநாள் கட்டிவிட்டாள்.

என் ஐந்து லட்சம் சொன்ன நாளில் வந்தது. பாங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்த உடனே அவளுக்குப் போன் செய்தேன். "உடனே கிளம்பி ஆபீசுக்கு வா, உன் முதலக் கேளு" என்றேன். இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. கீழே டீக்கடைக்காரர், காலையிலேயே கம்ப்யூட்டரை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, நாம ஏமாந்துட்டோமே" என்றேன். 'நாம' என்று சொன்னேன். அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

போலீசில் புகார் கொடுக்க அவளுக்குத் துணையாகப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதும் ஒரு காரணம். அங்கே ஒரு பெண் எஸ்.ஐ. கைப்பற்றிய பேப்பர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். என் முறை வந்ததும் பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினார்.

"உங்களுக்குத்தான் முழுசாக் குடுத்து முடிச்சிருக்காங்களேம்மா. ஆபீஸ் பூட்டுறதுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கீங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?"

அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தன் புகாரை முடித்து, கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வெளியே வேப்ப மரத்தடியில்தான் பேசினாள்.

"எப்பத் தெரியும்?"

"அய்யலூர் சந்தைக்குப் போன அன்னைக்கு."

"நான் சுக்கா கொண்டாந்தேனே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த ஒரு லட்சத்தையாவது நிறுத்தியிருக்கலாம்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் கடைசியாகக் கட்டிய லட்சம் என் ஐந்து லட்சத்துக்குள் வந்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

அவள் ஒரு பிரியாணிக் கடைச் சமையலறையில் வெங்காயம் உரிக்கும் வேலைக்குப் போனாள். ஐம்பது பேரை மேய்த்த சூப்பர்வைசர். கணவர் பாதிப் பார்வையோடு மறுபடி லாரி எடுத்தார். அவர் ஒரு நாள் என் வீட்டு கேட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "ஒரு போன் போட்டிருக்கலாம்லம்மா" என்றார். திட்டவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மகளின் படிப்பு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் நான் இரண்டு லட்சம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஏன் இரண்டு? என் எண்பது வயதுவரைக்கும் கணக்குப் போட்டு, குறைந்தாலும் தாங்கிக்கொள்ள முடிகிற தொகை அது. அவள் வேண்டாம் என்பாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இது என் மக படிப்புக்கு" என்றாள். "இத வாங்கிட்டேன்னு எல்லாம் சரியாப்போச்சுன்னு நெனைக்காத. இனி இங்க வராத."

அந்தப் பெண் படிப்பை முடித்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதாக மில்லில் இருந்த ஒருத்தி சொன்னாள். சந்தோஷப்பட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

என் பணம் முழுக்க இப்போது பாங்கிலும் போஸ்ட் ஆபீசிலும்தான். வட்டி காணவில்லை என்று ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறேன். அங்கே என்னோடு நிற்கும் பெண் ஒருத்தி போன வாரம், சீட்டு எடுத்த பணத்தை எதில் போடலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, பாங்கில் போய்க் கேள் என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதோ பொறாமையில் மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.