பத்தாம் நம்பர் டோக்கன்

என் அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். கடைசித் தம்பி முடிதிருத்துகிறவர், எங்களுக்குச் சின்ன மாமா. பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஒற்றை நாற்காலிக் கடை. வாசல் ஆணிகளில் நம்பர் எழுதிய மர டோக்கன்கள் தொங்கும். வருகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். மாமியின் அண்ணனுக்கும் அதுதான். அவர் கோபித்துக்கொண்டு ஆறு மாதம் தாடியோடு திரிந்தார்.

நகராட்சியிலிருந்து கடைகளைச் சோதிக்க ஓர் அதிகாரி வருவார். துண்டை எடுத்து மோந்து பார்ப்பதால் தெருவில் அவருக்குப் பெயர் மோப்பம். மற்ற கடைகளில் அவர் தலை தெரிந்தாலே நாற்காலி காலியாகிவிடும். ஒரு சனிக்கிழமை மாமா கடையிலும் நேராக நாற்காலிக்குப் போனார்.

"சார், டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க. முன்னாடி நாலு தலைதான்."

"யோவ், நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? காது மேல முடி எறங்கிடுச்சு, வெட்ட வேண்டிய ஆளு."

பெஞ்சே சிரித்தது. திங்கட்கிழமை கடைக்குப் பூட்டும் அரக்கு முத்திரையும் வந்தன. உரிமம் ரத்து என்று ஒரு தாள். காரணம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

"ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?" என்று மாமி அழுதார்.

"கேட்டா தெறந்துடுவாரு. அடுத்து அவரு மச்சானுக்கும் நாற்காலி விடணும். அப்புறம் அது என் கடையா, அவரு கடையா?"

நாற்பத்தொரு நாள் கடை அடைத்துக் கிடந்தது. மாமா வழக்குப் போட்டார். நீதிபதி ஓர் அம்மா. "எந்த விதிப்படி மூடுனீங்க?" என்று கேட்டார். மோப்பம் தாள்களைப் புரட்டினார்.

"துண்டு அழுக்கும்மா."

"அதை எழுதிக் குடுத்தீங்களா?"

நீதிபதி அந்த ரத்துத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"எழுதாத காரணத்துக்குப் பூட்டு எதுக்கு? இன்னிக்கே தெறந்து விடுங்க."

முத்திரையை உடைக்க மோப்பமே வந்தார். மாமா தூசி தட்டி டோக்கன்களை மாட்டினார். சந்தே திரண்டு வந்து எடுத்தது. மோப்பம் யோசித்து முடிப்பதற்குள் கடைசிப் பன்னிரண்டாம் நம்பர்தான் மிச்சம். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமா அவருக்கும் பார்த்துப் பார்த்து வெட்டினார், கூலியும் வாங்கினார்.

என் கல்யாணத்தன்று காலையில் எனக்குக் கிடைத்தது பதினொன்று. பக்கத்தில் பத்தாம் நம்பரோடு, நரைத்துப்போன மோப்பம்.

"மாப்பிள்ளை, அங்க பொண்ணு காத்திருக்கும். மாத்திக்குவோமா?"

பயந்துகொண்டே மாமாவைப் பார்த்தேன். அவர் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"அவரா குடுத்தா வாங்கிக்கடா. அது அவரு டோக்கன்."