பிரிச்சுப்போடு கண்ணு

1994-ஆம் வருடம், ஆடி மாதக் கடைசி. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கும்பகோணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த நான் கோயமுத்தூர்ப் பக்கத்துச் சோமனூருக்கு மருமகளாக வந்திருந்தேன். வீட்டை ஒட்டியே பின்னால் தறிக்கூடம். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் எட்டு விசைத்தறிகளும் சடக் சடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். ஒருமுறை சொன்னது புரியாவிட்டால் "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்க எனக்குக் கூச்சம். காதில் விழுந்த பாதியை வைத்து மீதியை நானே ஊகித்துத் தலையாட்டிவிடுவேன். அந்தத் தலையாட்டல் ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

அதற்கு முன் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்ததும் தையல் வகுப்புக்குப் போனவள் நான். கல்யாணத்துக்குக் கொடுத்த சாமான்களோடு என் தையல் மிஷினும் கூடவே வந்தது. எனக்குப் புதுத்துணி வெட்டுவதில் அவ்வளவு ருசி கிடையாது. பழசைப் பார்த்தால்தான் கை துறுதுறுக்கும். வந்த புதிதில் என் பட்டுப் பாவாடை சுடிதார் ஆனது. கணவரின் வெளுத்த பேன்ட் தோள்பை ஆனது. அத்தை என்று நான் அழைக்கும் மாமியாரின் பழைய வாயில் துணிச் சேலையை நைட்டியாகத் தைத்துக் கொடுத்தேன். "ஒறம்பரை வந்தா என்ன நெனப்பாங்க?" என்று உறவுக்காரர்களுக்குப் பயந்து ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்தார். பிறகு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தார். அடுத்த வாரம் இன்னும் மூன்று சேலைகளை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

அதுமுதல் பழைய ரவிக்கையோ சட்டையோ கிடைத்தால் போதும், "இதையப் பிரிச்சுப்போடு கண்ணு, வேற என்னமாச்சு பண்ணிக்கலாம்" என்பார். தையல்காரிக்குப் பிரிப்பதென்றால் தையலைப் பிரிப்பதுதானே? பிளேடும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன்.

அன்று காலை தறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்குக் கிளம்பிய அத்தை வாசற்படியில் நின்றபடி கத்திச் சொன்னார். "கண்ணு, பீரோல வேட்டில சுத்தி மாமா கோட்டு இருக்குது. அதையப் பிரிச்சுப்போடு. நான் போயிட்டு வந்தர்றேன்."

வழக்கம்போல் தலையாட்டினேன்.

பீரோவைத் திறந்து பழைய வேட்டி மூட்டையை எடுத்தேன். உள்ளே ஒரு கோட்டு. அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. ஒருகாலத்தில் கருநீலமாக இருந்திருக்க வேண்டும். தோளிலும் முதுகிலும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தது. வலது கக்கத்தில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டு வாயைப் பிளந்திருந்தது. சரிதான், கிழிந்த கோட்டு, அதனால்தான் பிரிக்கச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசையும் எட்டிப் பார்த்தது. அப்போது கோயமுத்தூரில் காலேஜ் பெண்கள் சுடிதாருக்கு மேலே கையில்லாத சின்னக் கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இந்தத் துணியில் எனக்கும் அப்படி ஒன்று தைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்?

இரண்டு மணி நேரம். கை தனி, காலர் தனி, லைனிங் தனி. நான் எதைப் பிரித்தாலும் துண்டுக்குத் துண்டு சாக்பீஸால் எண் போட்டு வைப்பேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். தரையில் எல்லாவற்றையும் பரப்பி, முதுகுத் துண்டின் மேல் என் அளவுக்குக் கோடும் போட்டுவிட்டேன். கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த நேரத்தில் அத்தை திருநீற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"இது என்ன கண்ணு?"

"மாமா கோட்டுங்க அத்தை. பிரிச்சுப்போடச் சொன்னீங்களே?"

அத்தை அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "அட சாமி! வேட்டியப் பிரிச்சுக் கோட்டக் காத்தாடப் போடச் சொன்னேன் கண்ணு. அது உங்க மாமா கலியாணக் கோட்டு, வருசா வருசம் வெயில்ல காயப்போட்டுப் பத்திரமா வெச்சது. அறுவதாங் கலியாணத்துக்கு அதையத்தான் போட்டுக்கிட்டுப் போட்டோ எடுக்கோணும்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறாரு!"

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தேன். அறுபதாம் கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. முப்பத்தாறு வருடமாகப் பொத்தி வைத்த கோட்டு, எட்டு மாத மருமகளின் கையில் இரண்டு மணி நேரத்தில் கந்தலாகிக் கிடந்தது. எந்த முகத்தோடு மாமாவின் முன்னால் நிற்பேன்? அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அழுகைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்!

"ஒரு மாசமா எனக்கு நிம்மதியே இல்ல கண்ணு. அந்தக் கோட்டுப் போட்டப்ப அவரு முருங்கக்காயாட்ட இருந்தாரு. இப்பத் தொப்பையப் பாரு. ஒருக்காப் போட்டுப் பாருங்கன்னா, 'அதெல்லாம் பத்தும் போ'ன்னு நழுவிக்குவாரு. அத்தன சனத்துக்கு முன்னால கை நொழையாம நின்னா மனுசன் ஒடஞ்சு போயிருவாரே, இத எப்படிச் சொல்றதுன்னு நானே முழுங்கிட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். "பிரிச்சது பிரிச்சாச்சு. பெருசு பண்ணிக் கோத்துப்போடு. மாமாவுக்குத் தெரிய வேண்டாம்."

கோத்துப்போடு என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரவிக்கையும் கவுனும்தான். கோட்டை நான் தையல் வகுப்பில்கூடத் தொட்டதில்லை. ஆனால் எந்தத் துண்டுக்குப் பிறகு எது வந்தது என்று நான் போட்ட எண் இருந்தது. பிரித்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். அளவுக்கு, துவைக்கப் போட்ட மாமாவின் சட்டை ஒன்றை அத்தை கடத்திக்கொண்டு வந்தார்.

கோட்டுத் தைத்த அந்தக் காலத்து டெய்லர் மகராசன், தையலுக்கு உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டு மடித்திருந்தார். அதைப் பிரித்துவிட்டால் மாமாவின் தொப்பைக்கு இடம் கிடைத்துவிடும். ஆனால் மடிப்பை நீவிப் பார்த்தபோது அடுத்த இடி. வெளியே இருந்த துணி வெளுத்திருக்க, உள்ளே மடிந்திருந்தது மட்டும் புத்தம் புதுக் கருநீலம். அப்படியே தைத்தால் இரண்டு விலாவிலும் பட்டைபட்டையாக நீலம் தெரியும். பேண்டு வாத்தியக்காரர் மாதிரி இருக்கும்.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பிரித்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த அத்தை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "ஏங் கண்ணு, உள்பக்கம் புதுசாட்டவே இருக்குது. இதைய மேல வெச்சுத் தெச்சா என்ன?"

லைனிங்குக்குள் இருந்ததால் துணியின் மறுபக்கம் வெயிலையே பார்த்ததில்லை. அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மொத்தக் கோட்டையும் உள்ளுக்கு வெளியாகப் புரட்டித் தைப்பது என்று முடிவாயிற்று.

தினமும் மதியம் தறி ஓடும்போதுதான் வேலை. அந்தச் சத்தத்தில் என் மிஷின் ஓடுவது வெளியே கேட்காது. ஒருநாள் நான் முழு வேகத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. ஊரே அமைதியான அந்த நொடியில் என் மிஷின் மட்டும் கடகடவென்று கத்தியது. தறிக்கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஏனம்மணி, என்ன தெய்க்கறே?"

"தலையணை உறைங்க மாமா!"

"செரி செரி, தெய்யி."

அடுத்த நாளும் கரண்ட் அதே மாதிரி காலை வாரியது. அன்றும் தலையணை உறை என்றேன்.

ஒன்பதாம் நாள் முன்பக்கத் துண்டுகளைச் சேர்த்து நிமிர்த்திப் பிடித்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. துணியைப் புரட்டினால் இடப்பக்கம் வலப்பக்கம் ஆகிவிடும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இடது மார்பில் இருக்க வேண்டிய பாக்கெட் வலது மார்பில் இருந்தது. பட்டன் துளைகளும் இடம் மாறி, பெண்கள் சட்டைபோல் ஆகிவிட்டன. பாக்கெட்டுக்காக எப்போதோ கீறிய துணி. அதை மூடி மறைக்க வழியில்லை. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல மாலை போட்டுருவாங்க, தெரியாது" என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.

அந்த நாளும் வந்தது. மண்டபத்தில் காலையில் சடங்கெல்லாம் முடிந்து, பட்டு வேட்டிக்கு மேல் கோட்டுப் போட மாமா உள்ளறைக்கு வந்தார். அத்தை எடுத்து நீட்டினார். நான் கதவோரம் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு கை நுழைந்தது. மறு கையும் நுழைந்தது. தோளில் உட்கார்ந்தது. வயிற்றுக்கு மேல் பட்டனும் சேர்ந்தது. அத்தை விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சட்டை போட்டாலும் பாக்கெட்டில் பேனாவைச் செருகினால்தான் உடுத்தி முடித்ததாக அர்த்தம். பேனாவை எடுத்து இடது மார்புக்குக் கொண்டு போனார். வழுக்கியது. மறுபடியும் கொண்டு போனார். மறுபடியும் வழுக்கியது. குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பேனாவை வலப்பக்கம் செருகிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

மாலையை மாற்றிக் கழற்றிய நேரம் பார்த்து, பங்காளி ஒருவர் சபை கேட்கும்படி ஆரம்பித்தார். "ஏனப்பா, ஜோப்பு அக்கட்டால, வலப்பக்கம் போயிருச்சு? பட்டனும் பொம்பளச் சட்டையாட்ட இருக்குது! டைலரு தூங்கிட்டே தெச்சானா?"

சுற்றிலும் சிரிப்பு. இப்போது எல்லாம் வெளியே வரப்போகிறது, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அப்பா அம்மாவுக்கு முன்னால் தலைகுனியப் போகிறேன் என்று நினைத்தேன்.

மாமா கோட்டை நீவி விட்டுக்கொண்டார். "உனக்கென்னப்பா தெரியும்? கோயமுத்தூர்ல இப்ப இதுதான் புது மாடலு. அறுவது முடிஞ்சவனுக்கு ஜோப்பு வலப்பக்கந்தான் வெக்கோணுமாம். டைலரும் கிய்லரும் இல்ல, எம்பட மருமக தெச்சது!"

சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த என்னை அந்தப் பங்காளி கூப்பிட்டு, "எனக்கும் வர்ற சித்திரையில அறுவது அம்மணி, இதே மாடல்ல ஒண்ணு தெச்சுக் குடுத்துரு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

சாயங்காலம் ஒறம்பரையெல்லாம் கிளம்பிய பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். அத்தை அக்கம்பக்கத்தாருக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தார்.

"அம்மணி, பத்து நாளாத் தலகாணி உறை தெச்சியே. நம்மூட்ல எத்தன தலகாணி இருக்குது?"

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு மாசத்துக்கு முந்தி ஊட்ல ஆருமில்லாதப்ப அதையப் போட்டுப் பாத்தேன். டர்ருன்னு கக்கத்துல போயிருச்சு. அப்பிடியே சுத்தி உள்ள வெச்சுப்போட்டேன். உங்கத்த நெம்ப ஆசையா இருந்தா, அவகிட்ட எப்படிச் சொல்றது? எப்படா கண்டுபுடிப்பாளோன்னு பயந்துட்டே கெடந்தேன். நல்ல நேரத்துல நீ பிரிச்சுப்போட்டே. இதைய மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாத அம்மணி."

கிழிந்திருந்த அந்தக் கக்கம் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஒருவர் மனம் ஒருவருக்கு நோகக் கூடாதென்று இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, ஒரே வீட்டில் ஒரு மாதம் உலவியிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அத்தை பயந்ததை மாமாவிடம் சொல்ல மாட்டேன் என்று அவருக்கும் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டையும் கடைசிவரை காப்பாற்றினேன்.

என் சின்னக் கோட்டு ஆசை அதோடு போயிற்று. அத்தை மட்டும் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு எந்தத் துணியை என்னிடம் கொடுத்தாலும், "காத்தாடப் பிரிக்கறதா, பிளேடு வெச்சுப் பிரிக்கறதா, கேட்டுக்க கண்ணு" என்று கிண்டலடித்துக்கொண்டே இருந்தார். நானும் கேட்கப் பழகிவிட்டேன். தறி எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் போய் நின்று, புரியும்வரை இரண்டு தடவை, மூன்று தடவை கேட்பேன்.

அந்தப் போட்டோ இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "பிரிண்ட் போடும்போது படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா?" என்று கேட்பார்கள். இல்லை, படம் சரியாகத்தான் இருக்கிறது என்பேன். என் தப்பை வலது மார்பில் எல்லோரும் பார்க்கச் சுமந்துகொண்டு, "எம்பட மருமக தெச்சது" என்று அவர் சபையில் சொன்ன அந்த நொடியில்தான் நான் அந்த வீட்டுக்குச் சொந்தமானேன் என்பதை, படத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.