தொடாமல் எடுத்த அளவு

என் வீட்டுக்காரர் ஹமீதுக்கு ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. பெண்களுக்கு டேப் வைக்காமலே, எட்டி நின்று பார்த்து இடுப்பு பெல்ட் அளவைச் சொல்லிவிடுவாராம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் சர்ஜிகல் கடை. பிரசவமானவர்கள், முதுகுவலிக்காரர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரும் பெல்ட்டுக்கு அங்கேதான் வருவார்கள். “பாய் மரியாதப்பட்ட மனுசன், அவருக்கு டேப்பே வேண்டாம்” என்று ஒருத்தி போய் இன்னொருத்தியிடம் சொல்லுவாள்.

மரியாதையான மனுஷர்தான். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனிக்குப் பதினோரு வருஷம் சேல்ஸ்மேனாக அலைந்து, அப்புறம் சொந்தக் கடை போட்டவர். பெண்கள் உள்ளே வந்தால் அவராகவே இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார். ஆனால் கண்ணாலேயே அளவெடுக்கிறார் என்கிறார்களே, அது சுத்தப் பொய். ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர் எனக்கு எடுத்து வந்த நைட்டி ஒன்றாவது உடம்புக்குச் சேர்ந்திருக்குமா? ஒரு பெருநாளைக்கு எடுத்த சுடிதாருக்குள் நானும் என் தங்கச்சி நஸீபாவும் சேர்ந்தே புகுந்திருக்கலாம். “எப்புடி, கரெக்டா இருக்கா?” என்று ஆசையாகக் கேட்பார். அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல மனசு வராது. “அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குங்க” என்பேன். மறுநாள் அவர் கடைக்குப் போனதும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொள்வேன். எம்புட்டு நல்ல பெண்டாட்டி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. போக்கத்த கழுதை என்று இப்போது திட்டிக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் வெள்ளத்தாய் அக்கா வந்தார். மகாராஜபுரத்துக்காரர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இரண்டு கறவை மாடுகள்தான் பிழைப்பு. தொழுவத்தில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது. மூன்று மாதம் பெல்ட் போட்டு முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தால் எலும்பு ஒழுங்காகக் கூடும், இல்லையென்றால் கூன் விழுந்துவிடும், அப்புறம் மாடு கன்றை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் அப்போது கடையில்தான் இருந்தேன்.

அது சாதாரண பெல்ட் இல்லை. முதுகின் இரண்டு பக்கமும் தோளிலிருந்து இடுப்புவரை இரும்புப் பட்டை ஓடும். பட்டை முதுகோடு ஒட்டி உட்கார வேண்டும். இறுக்கிக் கட்டிய பிறகு உள்ளே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. சேலைக்கு மேல் அளந்தால் கொசுவமே நாலு இஞ்சு கூட்டிக் காட்டும், பாவாடையோடு நிறுத்தித்தான் அளக்க வேண்டும். அக்கா கட்டியிருந்ததோ மொத்தமான நூல்சேலை, அதற்கு மேல் செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டை. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இவர் வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“லார்ஜ் போதும் தாயி. கச்சிதமா இருக்கும்.”

உள்ளே கூட்டிக்கொண்டு போய் நான் ஒரு தரம் அளந்து பார்க்கட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. நாலு பேர் நிற்கிற கடையில் புருஷன் பேரைக் கெடுக்கவா என்று விழுங்கிவிட்டேன். கெட்டால்தான் என்ன? ஒரு பேர் கெட்டிருக்கும், அம்புட்டுத்தானே.

தை மாசக் கடைசியில் அக்கா மறுபடி வந்தார், கைத்தடி வாங்குவதற்கு. என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை, கழுத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். அல்லாவே, டாக்டர் சொன்ன கூன் விழுந்தேவிட்டிருந்தது.

“என்னக்கா இது? பெல்ட்டப் போடவே இல்லையா?”

“அடியாத்தீ, போடாமயா? குளிக்கயில மட்டுந்தேன் கழட்டுவேன். டாக்டரு ஒரு மாசத்துல வந்து காட்டச் சொன்னாக, மாட்ட விட்டுட்டு எங்க போக? இப்பப் போனா எலும்பு இப்புடியே கூடிருச்சுங்காக.”

சட்டையை விலக்கிக் காட்டினார். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, மடித்து மடித்து வைத்திருந்தார். “லொடலொடன்னு கெடந்துச்சு தாயி. எல்லாருக்கும் சரியா குடுக்குற பாய் எனக்கு மட்டும் தப்பாவா குடுப்பாரு? என் ஒடம்புதேன் வத்திப் போச்சுன்னு துண்ட வச்சுக்கிட்டேன்.”

இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவை உள்ளே கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றி, சேலையைத் தளர்த்தி டேப்பை வைத்தேன். இருபத்தெட்டு. பெல்ட்டின் உள்பக்கத்தில் முப்பத்தாறிலிருந்து நாற்பது என்று அச்சடித்திருந்தது. வெளியே வந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். இவர் என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கி, அதில் ஏதும் கோளாறா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“டேப்பு சரியாத்தான் இருக்குங்க. நீங்க எனக்கு எடுத்த துணி ஒண்ணுகூட எனக்குச் சேந்ததில்ல. பூராத்தையும் நான் பிடிச்சுத் தச்சுத்தான் போட்டுக்கிட்டேன்.”

“ஏன் சொல்லல?” என்றார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார்.

அப்புறம் அக்கா பக்கம் திரும்பிக் கையைக் கூப்பிவிட்டார். “தாயி, நாந்தான் தப்புப் பண்ணிட்டேன். தொடக் கூடாது, சரி. இவளையாவது அளக்கச் சொல்லிருக்கணும். மாடு ரெண்டும்...?”

“வித்தாச்சு பாய். கறக்க முடியல, வச்சு என்ன செய்ய?” ஆனாலும் இவருடைய கூப்பிய கையை அக்காவே இறக்கிவிட்டுத் தேற்றினார். “என் தலையில எழுதுனது, நீங்க என்ன செய்வீக? பொம்பளையத் தொடாம மரியாதையா அளவு பாக்குற மனுசன் வேற எங்க இருக்காக? எங்கூருலயும் கான்சாபுரத்துலயும் முதுகு நோவுன்னு யாரு சொன்னாலும் உங்க கடைக்குத்தேன் போகச் சொன்னேன். ஏழெட்டுப் பேரு வாங்கிட்டு வந்து கட்டிக்கிட்டுத் திரியுறாக.”

இவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “யாரு யாருன்னு சொல்லுங்க தாயி” என்று பில் புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

தன் ஊர்க்காரர்கள்மேல் பாய்க்கு எம்புட்டு அக்கறை என்ற சந்தோஷத்தில், சீனியம்மாளில் ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார் வெள்ளத்தாய் அக்கா.