பத்திரமாக வீடு சேர்ந்தார்

ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிப் பிடித்தபடி, ஆட்டம் தொடங்கும் முன்பே வியர்த்துப்போய் நிற்கும் அத்தானின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அத்தான் என் அக்காவின் கணவர். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஈழத்தமிழர்கள் நடத்தும் விளையாட்டு விழாவில் கிரிக்கெட் வர்ணனை அவருடையது. யாரும் அவரைக் கேட்டு அமர்த்தவில்லை. ஒருமுறை ஒலிவாங்கியை எடுத்தவர் பிறகு விடவேயில்லை.

அகதியாக வந்த புதிதில் பிராங்பேர்ட்டுக்கு அருகே ஒரு முகாமில் இருந்தபோது, ஜெர்மன் மொழி விளங்காமல், அமெரிக்கப் படையினருக்கான ஆங்கில வானொலியைக் கேட்டே பொழுதைப் போக்கியிருக்கிறார். அதில் ஓயாமல் பேஸ்போல் வர்ணனை. அந்த ஆட்டத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் சொற்களையெல்லாம் அள்ளிவந்து எங்கள் கிரிக்கெட்டுக்குள் கொட்டினார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் "ஹோம் ரன்" என்பார். மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டவனுக்கு "ஸ்ட்ரைக் ஒண்டு" என்று எண்ணத் தொடங்குவார். பேஸ்போலில் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதை வீடு என்பார்களாம். அதனால் எங்கள் மட்டையாளர் எவன் ஓடிவந்து கோட்டைத் தொட்டாலும், "பத்திரமாக வீடு சேர்ந்தார், அன்பான ரசிகப் பெருமக்களே!" என்று நீட்டி முழக்குவார். தேநீரும் ரோல்ஸும் விற்கும் மேசையில் நிற்கும் எனக்குத் தலை வெடிக்கும்.

"அண்ணை, ஒரு ஓட்டம்தானே எடுத்தவன், ஏன் வீட்டுக்கு அனுப்புறியள்?" என்று விளையாடும் பெடியள் கத்துவார்கள்.

அவர் அசரமாட்டார். "பாக்க ஏலாத ஆளுக்கும் படம் தெரியவேணும். அதுக்குத்தான் வர்ணனை," என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் இலங்கையில் போர் முடிந்தபோது, வன்னியில் இருந்த அவருடைய அம்மா மட்டும் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவோடு இருந்த அவருடைய தம்பி வழியில் பிரிந்துவிட்டான். சில வாரங்களில் வேறொரு முகாமிலிருந்து உறவினர் ஒருவர் அத்தானோடு பேசினார். தம்பி கடலேரிக் கரையில் காயப்பட்டுக் கிடந்ததையும், சற்று நேரத்தில் மூச்சு நின்றுபோனதையும், தூக்க ஆளில்லாமல் உடலை விட்டுவிட்டு வந்ததையும் சொன்னார். அத்தான் அக்காவிடமும் என்னிடமும் மட்டும் சொன்னார்.

அந்தக் கோடையில் விழா வேண்டாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்காகப் பாட்டு எதுவும் இல்லாமல் நடத்தினார்கள். அத்தான் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். பெயர்களையும் ஓட்டங்களையும் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஓட்டத்துக்கு விழுந்தடித்து ஓடிவந்த ஒருவன் கோட்டுக்குள் மட்டையை நீட்டியபோது, பழக்கத்தில் அவருடைய வாய் திறந்தது. "பத்திரமாக வீடு..." என்றார். பிறகு ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பெடியள் யாரும் கத்தவில்லை.

ஒலிவாங்கியை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "எனக்கு ஏலாது, மச்சாள்," என்றார். ஆட்டம் வர்ணனையில்லாமல் நடந்து முடிந்தது. இன்றுவரை அவர் ஒலிவாங்கியைத் தொட்டதில்லை. இப்போது வர்ணிப்பவர் அளந்து பேசுகிறார்; யாருக்கும் எரிச்சல் இல்லை.

அந்த விழாவுக்கு மறுநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது, முகாமில் யாரோ ஒருவரின் கைபேசியிலிருந்து அத்தானின் அம்மா அழைப்பு எடுத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று அக்கா சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

"சின்னவன் இந்தியாவுக்குத் தப்பிப் போட்டானெண்டு இஞ்ச கதைக்கினம். உனக்கு எடுத்தவனோ?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். "ஓம் அம்மா. கதைச்சவன்."

"சாப்பிடுறானாமோ?"

"தானே சமைக்கிறானாம். சின்ன அறை. யன்னலுக்கு வெளியில ஒரு வேப்பமரம் நிக்குதாம். தாடி வளர்த்திருக்கிறானாம்."

நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். மறுமுனையில் அம்மா சிரித்தது கேட்டது. அதன்பிறகு அம்மா எடுக்கும்போதெல்லாம் தம்பிக்கு ஏதாவது நடந்தது: வேலை கிடைத்தது, காய்ச்சல் வந்து மாறியது. உங்களோடு பேசினால் உங்களுக்கு ஆபத்து என்று பயப்படுகிறான் என்றும் சொல்லிவைத்தார்.

அடுத்த ஆண்டு, முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, அம்மா இறந்துபோனார். அத்தானால் போக முடியவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் செத்தவீடு முடிந்ததும் தொலைபேசியில் பேசினார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்:

"தம்பிக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஓம் அக்கா. சொல்லிப்போட்டன்."

"பாவம், அழுதவனோ?"

"ஓம்," என்றார் அத்தான். "நல்லா அழுதவன்." அதைச் சொன்ன பிறகுதான் அவர் அழுதார்.